பூட்டிய பின் திறக்காத போன்

கைத்தொலைபேசி திருத்தும் இடம் என்றால் கண்ணாடி உடைந்தது, சார்ஜ் ஏறாதது, தண்ணீரில் விழுந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பழுதுகள். ஆனால் இந்தச் சில வருடங்களாக வேறொரு விதமான போனும் என் மேசைக்கு வருகிறது. அது விழவில்லை, நனையவில்லை. நேற்றுவரை ஒழுங்காக வேலை செய்தது. யாரோ ஒருவர் அதைப் "பூட்டி"க் கொடுத்தார். அதன் பிறகு அது எழும்பவேயில்லை. கொண்டு வருகிறவர் இறந்துபோன ஒன்றைத் தருவதுபோல இரண்டு கையாலும் பிடித்துத் தருவார். உண்மையில் அது இறக்கவில்லை என்பதைச் சொல்லி விளங்கப்படுத்தவே எனக்கு அரை மணித்தியாலம் போகும்.

நான் வவுனியாவில் வீட்டின் முன் அறையில் மேசை போட்டு இந்த வேலையைச் செய்கிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தபோது வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். என்னிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். நான் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரி என்பதால் அல்ல. தங்கள் படங்களும் பேச்சும் உள்ள போனை முன்பின் தெரியாத ஆணின் கையில் ஒரு இரவு முழுக்க விட்டுவிட்டு வர அவர்களுக்குப் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

சரி, பூட்டுவது என்றால் என்ன? திரையைத் திறக்க நாம் போடும் இரகசிய இலக்கத்தையோ விரல் அடையாளத்தையோ நான் சொல்லவில்லை. போனின் அடியில் இன்னொரு பூட்டு இருக்கிறது. அதற்குப் பூட்லோடர் என்று பெயர். இந்தப் பெயரே எங்கள் சனத்தைக் குழப்பிவிடுகிறது. "பூட்டு லோடர்" என்றுதான் பலர் கேட்டுக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் பூட் என்பது இயந்திரத்தை உயிர்ப்பிப்பதைக் குறிக்கும். நம்முடைய பூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூட்லோடருக்கும் ஒரு பூட்டு இருக்கிறது.

வவுனியாவில் பாஸ் எடுத்து வாழ்ந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதை நான் சுலபமாகச் சொல்லிவிடுவேன். போனை நாம் அழுத்தி உயிர்ப்பிக்கும்போது முதலில் எழும்புவது இந்தப் பூட்லோடர்தான். அது சோதனைச் சாவடி மாதிரி. பின்னால் வருகிற அன்ட்ரொயிட் மென்பொருளை மறித்து, "உன்னுடைய பாஸில் யாருடைய முத்திரை இருக்கிறது, காட்டு" என்று கேட்கும். போனைச் செய்த கொம்பனியின் முத்திரை இருந்தால் போகவிடும். முத்திரை வேறாக இருந்தாலோ, பாஸில் ஒரு எழுத்தாவது திருத்தப்பட்டிருந்தாலோ மறித்துவிடும். அன்ட்ரொயிட்டில் இந்தப் பரிசோதனை 2013 இல் 4.4 ஆம் பதிப்போடு தொடங்கியது. 2016 இல் வந்த 7 ஆம் பதிப்பிலிருந்துதான் அது கண்டிப்பாயிற்று. அதற்கு முன் வந்த பழைய போன்கள் பலவற்றில் எதைப் போட்டாலும் எழும்பும். அந்தப் பழக்கத்தில் வேலை செய்கிற சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

பூட்லோடரைத் திறந்துவிட்டால் சாவடியில் ஆள் இல்லை. யார் முத்திரை போட்ட மென்பொருளும் உள்ளே வரலாம். ஆனால் பலகை மட்டும் நிற்கும்: போன் எழும்பும் ஒவ்வொரு தடவையும், இது திறந்து கிடக்கிறது, இதை நம்பாதே என்று ஒரு எச்சரிக்கை சில விநாடிகள் தெரியும். கூகுளின் பிக்ஸல் போன்களில் இதற்கு நிறங்கள் வைத்திருக்கிறார்கள். திறந்திருந்தால் ஓரெஞ்சு. பூட்டியிருந்து, கொம்பனியுடையதல்லாத ஆனால் முறையாகப் பதிவு செய்த வேறொரு முத்திரை இருந்தால் மஞ்சள். முத்திரை பிழைத்துப் போனால் சிவப்பு. எல்லாம் சரியென்றால் எந்த எச்சரிக்கையும் இல்லை. வேறு கொம்பனிகளின் போன்களில் திறந்த பூட்டின் படமோ ஆங்கிலத்தில் இரண்டு வரியோ வரும்.

இப்போது மீண்டும் பூட்டினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். வேறு முத்திரை போட்ட மென்பொருள் உள்ளே குடியிருக்கிறது. சாவடிக்குக் காவலாளியைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறோம். அவன் முதல் வேலையாகப் பாஸைக் கேட்கிறான். பாஸ் பிழை. வீட்டுக்காரரையே வீட்டுக்குள் விடமாட்டேன் என்று நிற்கிறான். அவ்வளவுதான். போன் பழுதாகவில்லை. தனக்குச் சொல்லப்பட்ட வேலையைச் சரியாகச் செய்கிறது.

அப்படியென்றால் ஏன் பூட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். பெரும்பாலும் வங்கிக்காகத்தான். வங்கிகளின் செயலிகள் பல, போன் திறந்து கிடக்கிறதா என்று பார்க்கும். திறந்திருந்தால் வேலை செய்ய மறுக்கும். வெளிநாட்டிலிருந்து காசு வருகிற வீடுகளில் வங்கிச் செயலி இல்லாமல் இப்போது முடியாது. உடனே யாராவது, "பூட்டிவிட்டால் சரியாகும்" என்பார்கள். சொல்வது உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை. உள்ளே இருப்பது கொம்பனியின் சொந்த மென்பொருளாக, ஒரு எழுத்தும் மாறாமல் இருந்தால் மட்டுமே பூட்டலாம் என்பது மற்றப் பாதி.

2023 ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு அக்கா வந்தார். செட்டிகுளம் பக்கத்து ஆள். குவைத்தில் இரண்டு வருடமும் நாலு மாதமும் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர். கடைசி ஐந்து மாதச் சம்பளத்தைக் கொடுக்காமலே அனுப்பிவிட்டார்கள். அங்கே வேறொரு வேலைக்காரப் பெண்ணிடம் பாவித்த போன் ஒன்றை வாங்கியிருந்தார். சீனாவில் விற்பதற்காகச் செய்யப்பட்ட போன் அது. யாரோ ஒரு வியாபாரி அதன் பூட்டைத் திறந்து, வெளிநாட்டுப் பதிப்பு மென்பொருளைப் போட்டு விற்றிருக்கிறார். அப்படிச் செய்தால்தான் தமிழ், அரபு எல்லாம் வரும். அதனால் போனை எழுப்பும் நேரமெல்லாம் திறந்த பூட்டின் படம் வந்திருக்கிறது. அக்கா அதைக் கொம்பனியின் அடையாளம் என்று நினைத்திருந்தார். அது வேறென்று அவருக்கு யார் சொன்னார்கள்?

ஊருக்கு வந்து வங்கிச் செயலியைப் போட்டால் அது திறக்கவில்லை. நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே இருந்த பையன் 1,500 ரூபா வாங்கிக்கொண்டு கணினியோடு இணைத்துப் பூட்டிவிட்டான். பிறகு போன் எழும்பவில்லை. "போர்ட் போட்டுது அக்கா, இனி புதுசுதான் வாங்க வேணும்" என்று கையில் கொடுத்துவிட்டான்.

என்னிடம் வந்தபோது அவர் முதலில் கேட்டது போனைப் பற்றியல்ல.

"தங்கச்சி, இதுக்குள்ள மேடம்ட குரல் கிடக்கு. அதை மட்டும் எடுத்துத் தந்தாக் காணும்."

சம்பளம் கேட்ட நேரமெல்லாம் அந்த வீட்டுக்காரி வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறாள். இந்த மாதக் காசை அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன், கணவர் வரட்டும், பொறு என்று. கொடுக்க வேண்டிய காசு என்று அவள் தன் வாயாலேயே சொல்வது அதில் இருக்கிறது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறைப்பாடு செய்ய அக்காவிடம் இருந்த சாட்சி அதுதான்.

நான் போனை வாங்கி, சத்தத்தைக் குறைக்கும் பொத்தானையும் மின் பொத்தானையும் சேர்த்துப் பிடித்தேன். பாஸ்ட்பூட் என்கிற திரை வந்தது. அது வந்தால் போர்ட் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். கணினியோடு இணைத்துக் கேட்டபோது, பூட்டியிருக்கிறேன் என்று பதில் சொன்னது. திரும்பத் திறக்கக் கட்டளை கொடுத்தேன். மறுத்தது. அந்தக் கொம்பனியின் அப்போதைய முறைப்படி, திறப்பதற்கு முதல் போனுக்குள் போய் ஒரு கணக்கைப் பதிய வேண்டும், பிறகு 7 நாள் காத்திருக்க வேண்டும். போனுக்குள் போக அது எழும்ப வேண்டும். எழும்ப வேண்டுமென்றால் அதைத் திறக்க வேண்டும். மருந்து வாங்க ஊருக்குள் போகவேண்டும், ஊருக்குள் போகப் பாஸ் வேண்டும், பாஸ் எடுக்கிற அலுவலகம் ஊருக்குள் இருக்கிறது என்கிற மாதிரியான கதை.

அடுத்ததாக ரிக்கவரி என்கிற பகுதி. சத்தத்தைக் கூட்டும் பொத்தானோடு சேர்த்துப் பிடித்தால் வரும். அதில் ஒரு வரி இருந்தது: இந்தப் பதிப்பை இந்தப் போனில் போட முடியாது. பையன் இந்த வரியை வாசித்திருந்தால் போர்ட் போய்விட்டது என்று சொல்லியிருக்க மாட்டான். நோய் என்னவென்று போனே சொல்லிக்கொண்டிருக்கிறது. சீனாவுக்கான உடம்பில் வெளிநாட்டுப் பதிப்பு இருக்கிறது, அதைப் பூட்டிய நிலையில் ஓடவிட முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

ஒரு வழி திறந்திருந்தது. பூட்டிய போன் வேறு யாருடைய முத்திரையையும் ஏற்காது, ஆனால் சொந்த முத்திரையை ஏற்கும். அந்த மாதிரிக்கென்று கொம்பனி வெளியிட்ட சீனப் பதிப்பை அப்படியே ரிக்கவரி வழியாகக் கொடுத்துப் பார்க்கலாம். இதில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. முன்பு இருந்ததைவிடப் பழைய பதிப்பைக் கொடுக்கக் கூடாது. 2017 இல் வந்த அன்ட்ரொயிட் 8 இலிருந்து, பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் ஏற்பாடும் இந்தப் பரிசோதனையில் சேர்ந்திருக்கிறது. பழைய பதிப்பில் தெரிந்த ஓட்டை இருக்கும். திருடன் வேண்டுமென்றே பழையதைப் போட்டு அந்த ஓட்டையால் வரலாம் என்பதற்காக. கூகுள்கூட 2022 ஓகஸ்ட்டில் பிக்ஸல் 6 வரிசைப் போன்களுக்கு அன்ட்ரொயிட் 13 ஐக் கொடுத்தபோது, இனி 12 க்குத் திரும்ப முடியாது என்று அறிவித்தது.

கோப்பு 4 ஜிபிக்கு மேல். பகலில் இறக்கினால் என் டேட்டா முழுவதும் போய்விடும். நடுச்சாமம் 12 மணிக்குப் பிறகு தொடங்கும் இரவு டேட்டாவில் இறக்கினேன். அப்போது நாளுக்கு 2 மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த காலம். மென்பொருள் ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் இருப்பதும் கெட்டுவிடும். ஆகவே லப்டொப்பை முழுவதும் சார்ஜ் செய்து, போனிலும் பாதிக்கு மேல் சார்ஜ் ஏற்றி, மின்வெட்டு முடிந்த பிறகுதான் தொடங்கினேன். கேபிள் நல்லதாக இருக்க வேண்டும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் 200 ரூபாக் கேபிளால் பாதியில் நின்றுபோன வேலைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

போன் எழும்பியது. முதலில் சீன எழுத்து வந்தது. பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றினேன். அந்தப் பதிப்பில் இந்த இரண்டு மொழியும்தான். தமிழில் எழுதுவதற்கான விசைப்பலகையைத் தனியாகப் போட்டுக் கொடுத்தேன். வங்கிச் செயலி ஒரு முறைப்பாடும் இல்லாமல் திறந்தது.

உள்ளே எதுவும் இருக்கவில்லை.

இது நான் அக்காவுக்கு முதல் நாளே சொல்லியிருந்த விஷயம். பூட்லோடரைத் திறந்தாலும் அழியும், பூட்டினாலும் அழியும். கட்டளை கொடுத்ததும் எல்லாம் அழியப் போகிறது, சம்மதமா என்று திரையில் கேட்கும். ஆங்கிலத்தில்தான் கேட்கும். பொத்தானை அழுத்திச் சம்மதம் சொன்னது பையன். அக்காவிடம் அவன் கேட்கவில்லை. பையனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும், எங்கோ ஒரு வீடியோ பார்த்துச் செய்திருப்பான். ஆனால் அந்தக் கேள்வி போனின் சொந்தக்காரியைக் கேட்ட கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் உரிமை கடைக்காரனுக்கு இல்லை.

அழிந்ததைத் திரும்ப எடுக்க முடியாதா என்று அக்கா மூன்று தரம் கேட்டார். முன்பு மெமரிக் காட்டில் அழிந்த படங்களை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அது வேறு. இப்போதைய போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் மறைகுறியாக்கப்பட்டிருக்கும். 2019 இல் அன்ட்ரொயிட் 10 உடன் வெளிவந்த போன்கள் முதல் அது கட்டாயம். அழிக்கும்போது போன் ஒவ்வொரு படமாகத் தேடி அழிப்பதில்லை. திறப்பை அழித்துவிடுகிறது. திறப்பு இல்லாத பெட்டகத்துக்குள் இருப்பது வெறும் குப்பை. எடுத்துத் தருகிறேன் என்று 15,000, 20,000 கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சகோதரிகளே, ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

இதே கடுமையை நான் வேறு நாட்களில் மெச்சியிருக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். பஸ்ஸில் போனைத் தவறவிட்ட பிள்ளை ஒருத்தி அழுதுகொண்டு வந்தாள். எடுத்தவன் அதைத் திறந்து தன் படங்களைப் பார்ப்பான் என்று பயம். பூட்லோடர் பூட்டியிருந்தால் எடுத்தவனுக்கு வெறும் போன்தான் கிடைக்கும், படங்கள் கிடைக்காது என்று உறுதியாகச் சொல்லி அனுப்பினேன். திறந்து கிடக்கும் போன் ஒரு பெண்ணிடம் இருப்பது எனக்குப் பிடிப்பதில்லை. இரகசிய இலக்கம் தெரியாத ஒருவன்கூட அதைக் கணினியோடு இணைத்து, அடியில் இருக்கும் மென்பொருளை மாற்றி வைத்துவிட்டுத் திரும்ப மேசையில் வைக்கலாம். அடுத்த தடவை அவள் தானே இலக்கத்தைப் போட்டுத் திறப்பாள். வீட்டுக்குள்ளேயே சந்தேகம் பிடித்த ஆட்கள் இருக்கிற பெண்களுக்கு இது சின்ன விஷயமல்ல. எழும்பும்போது திறந்த பூட்டின் படமோ எச்சரிக்கை வரியோ உங்கள் போனில் வந்தால், அதை யார், எப்போது திறந்தார்கள் என்று கேளுங்கள். புதிதாக வாங்கிய போனில் வந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

பூட்டத்தான் வேண்டுமென்றால் அதற்கு ஒழுங்கு இருக்கிறது. முதலில் உள்ளே இருப்பதையெல்லாம் வேறு இடத்தில் பிரதி எடுக்க வேண்டும். பிறகு அந்தப் போனுக்கே உரிய மென்பொருளை முழுமையாகப் போட்டு, பூட்டாமலே எழும்புகிறதா என்று ஒரு தடவை பார்க்க வேண்டும். எழும்பினால் மட்டும் போதாது. மாற்றம் செய்த மென்பொருளும் திறந்த நிலையில் எழும்பும்தானே. கொம்பனியின் பதிப்புத்தானா, எந்த நாட்டுக்கான போன், எந்த மாதத்துப் பாதுகாப்புத் திருத்தம் என்று பார்க்க வேண்டும். டெவலப்பர் அமைப்புகளில் பூட்லோடரைத் திறக்க அனுமதி என்று ஒரு தெரிவு இருக்கும். பூட்டி, எழுப்பி, எல்லாம் சரியென்று தெரியும்வரை அதை நிறுத்தக் கூடாது. பிக்ஸல் போன்ற போன்களில் அந்தத் தெரிவு இருந்தால் பிழைத்துப் போனாலும் மறுபடி திறக்கலாம். நிறுத்திவிட்டுப் பூட்டினால் அந்த வழியும் அடைபட்டுவிடும். இதெல்லாம் செய்யக் கடைக்காரருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். "அஞ்சு நிமிஷ வேலை" என்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். வட்ஸ்அப் பிரதியைக் கூகுள் கணக்கில் சேமிக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அந்தப் போனில் அது போடப்பட்டிருக்கவில்லை. போனுக்குள்ளேயே வட்ஸ்அப் ஒரு பிரதி வைத்திருக்கும், அதுவும் போனோடு போய்விட்டது. நான் கேட்டேன்: "அந்தக் குரலை ஆருக்கெண்டாலும் அனுப்பினீங்களோ?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "தங்கச்சிக்கு ஒண்டு அனுப்பினனான். அவள் நம்பேல்லை எண்டு."

சம்பளம் தராமல் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது, காசு அனுப்ப மனமில்லாமல் அக்கா சாட்டுச் சொல்கிறார் என்று தங்கை நினைத்திருக்கிறாள். அதற்காக அந்தப் பதிவை அப்படியே அனுப்பியிருக்கிறார். நாங்கள் அன்றே தங்கைக்கு அழைப்பு எடுத்தோம். நல்ல காலம், அவள் எதையும் அழிக்கிற பழக்கமில்லாதவள். போன் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. இரண்டு வருடத்துக் காலை வணக்கப் பூக்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் இடையில் 48 விநாடிக் குரல் பதிவு ஒன்று கிடைத்தது. அக்கா அதை என் மேசையில் வைத்துக் கேட்டார். அரபு எனக்குத் தெரியாது. அக்கா ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னார். ஜூன், ஜூலை, ஓகஸ்ட் காசு தன்னிடம் இருக்கிறது என்றும், அவள் ஊருக்குப் போகும்போது கையில் தருவதாகவும் அந்தப் பெண் சொல்கிறாள். குரலில் கோபம் இல்லை. சமையலறையில் நின்று பேசுவதுபோலப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

அதை நான் மூன்று இடத்தில் பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஒரு பென்ட்ரைவில், அக்காவின் மின்னஞ்சலில், என் கணினியில். தங்கை அனுப்பிய திகதியும் நேரமும் தெரியும்படி திரையையும் படம் பிடித்து அச்சிட்டுக் கொடுத்தேன்.

முறைப்பாடு போய், இரண்டு தரம் கொழும்புக்கு அலைந்து, அந்த வருடக் கடைசியில் அனுப்பிய முகவர் காசு கொடுத்தார். மூன்று மாதச் சம்பளம். செப்டெம்பரும் ஒக்டோபரும் கொடுக்கப்பட்டுவிட்டது என்று அந்த வீட்டுக்காரர் கடிதம் கொடுத்திருந்தார்களாம். கொடுக்கவில்லை என்பதற்கு அந்த இரண்டு மாதத்துக் குரல் பதிவுகள் இருந்தன. அவற்றை அக்கா யாருக்கும் அனுப்பியிருக்கவில்லை.